இழுப்பது எது, நிறுத்துவது எது? டிரெய்லர் வாங்குவோர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நானும் என் தம்பியும் ஓமலூரில் இரண்டு டாரஸ் லாரி வைத்து ஓட்டுகிறோம். கர்நாடகாவில் தோரணகல்லிலிருந்து கோவைக்கு ஸ்டீல் காயில் (சுருட்டிய இரும்புத் தகடு) ஏற்றும் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. அதற்கு டிரெய்லர் வாங்க வேண்டும். ஷோரூமில் 18 சக்கரமே போதும், 250 குதிரைத் திறன் இன்ஜின் என்கிறார்கள். தெரிந்த புக்கிங் ஆபீஸ்காரர், "18 சக்கரத்திலேயே ரெண்டு காயில், 40 டன் ஏத்திக்கலாம், எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க" என்கிறார். எங்களுக்கு டிரெய்லர் பழக்கமில்லை. என்ன வண்டி எடுக்கலாம்?
– வாசகர், ஓமலூர்

பதில்: முதலில் ரோட்டைப் பார்ப்போம் தம்பி, வண்டியை அப்புறம் பார்க்கலாம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. உங்கள் காயில் பெங்களூரைத் தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் வழியாக உங்கள் ஊர்ப் பக்கம் வந்து சேர்வதற்குள் 600 மீட்டர் இறங்கிவிடுகிறது. போகும்போது காலியாக ஏறுகிறீர்கள், வரும்போது லோடோடு இறங்குகிறீர்கள். அதனால் ஷோரூமில் போய் உட்கார்ந்ததும் "எத்தனை குதிரை, எவ்வளவு இழுக்கும்" என்று ஆரம்பிக்காதீர்கள். "முழு லோடோடு இறங்கும்போது இந்த வண்டியைப் பிடித்து வைப்பது எது" என்று கேளுங்கள். சங்ககிரியில் டிரெய்லர் பட்டறை நடத்துகிறவன் நான். இழுக்க முடியாமல் நடுரோட்டில் நின்றுபோன வண்டியால் செத்தவர்களை நான் பார்த்ததில்லை. நிற்க முடியாமல் போன வண்டியால் செத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எடைக்கு வருவோம். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுக்கு அச்சு ஏற்றக்கூடிய பாரத்தை உயர்த்தியது. நாலு டயர் போட்ட ஒற்றை அச்சுக்கு 11.5 டன், சேர்ந்தாற்போல் இருக்கும் இரண்டு அச்சுக்கு 21 டன், டிரெய்லரின் மூன்று அச்சுக்கு 27 டன். முன் அச்சுக்கு 7 டன் என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். 18 சக்கரத்துக்கு 7, 11.5, 27 சேர்ந்து 45.5 டன். 22 சக்கரத்துக்கு 7, 21, 27 சேர்ந்து 55 டன். இது வண்டி, டிரெய்லர், லோடு எல்லாம் சேர்ந்த எடை. 18 சக்கரத்தில் இழுக்கிற முன்வண்டி ஏறக்குறைய 7 டன், 40 அடி டிரெய்லர் இன்னொரு 7 டன். மிஞ்சுவது 31 டன்னுக்குப் பக்கம். அதில் 40 டன் ஏற்றினால் மொத்தம் 54 டன் ஆகிவிடும், 8 டன்னுக்கு மேல் கூடுதல். 2019-இல் திருத்திய சட்டப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். 8 டன் என்று கணக்குப் போட்டாலே ஒரு தடவைக்கு 36,000. கூடுதல் பாரத்தை இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஒரு காயிலை நடுவழியில் எங்கே இறக்குவீர்கள்? கிரேன் யார் கொண்டுவருவார்கள்? "எல்லாரும் ஓட்டுறாங்க" என்று சொன்னவர் அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார்.

ஆகவே சரக்குக் கொடுக்கிற பார்ட்டியிடம் காயில் எடையை எழுதி வாங்குங்கள். ஒரே காயில், 25 முதல் 28 டன் என்றால் 18 சக்கரம் போதும். இரண்டு காயில், 38 டன் என்றால் 22 சக்கரம்தான். அதற்குக் குறைந்த வண்டியை நான் சொல்ல மாட்டேன்.

குதிரைத் திறனைப் பற்றியும் கொஞ்சம். வண்டி நம்பரிலேயே கம்பெனிக்காரன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறான். முதல் இரண்டு எண் மொத்த டன், அடுத்த இரண்டு எண் குதிரைத் திறனில் பத்தில் ஒரு பங்கு. பழைய டாடா 4018 என்றால் 40 டன், 180 குதிரை. லேலண்டில் 5525 என்றால் 55 டன், 250 குதிரை. பாரத்பென்ஸ் 5528 என்றால் 280 பக்கம், டாடா 5530 என்றால் 300. நூறு மீட்டருக்கு 4 மீட்டர் ஏறுகிற ஏற்றத்தில் 55 டன்னோடு போனால், 250 குதிரை வண்டி ஏறக்குறைய மணிக்கு 23 கிலோமீட்டரில் ஏறும். 300 குதிரை வண்டி 27-இல் ஏறும். வித்தியாசம் அவ்வளவுதான். ஏற்றம் முழுக்க லோடோடு போகிற தடமாக இருந்தால் அந்த நாலு கிலோமீட்டருக்கும் மதிப்பு உண்டு. உங்கள் தடத்தில் தொப்பூர் மாதிரி பெரிய ஏற்றத்தில் ஏறும்போது டிரெய்லர் காலி. 50 குதிரைக்குக் கொடுக்கிற காசில் நல்ல பிரேக்கும் நல்ல டிரெய்லரும் வாங்கலாம்.

பிரேக்கைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், அவசரப்படாமல் படியுங்கள். 55 டன் வண்டி அதே 4 சதவீத இறக்கத்தில் 100 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். டயர் உருளும்போது தின்கிற சக்தியைக் கழித்த பிறகும், சுமார் 150 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு மிஞ்சும். அது எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். இன்ஜின் வழியாகப் போகாவிட்டால் பிரேக் டிரம்முக்குள் போகும். போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு 22 சக்கரம் எங்கள் பட்டறைக்கு வந்தது. பின்பக்கம் ஹப்பைக் கழற்றியபோது டிரம்மின் உள்பக்கம் கருநீலமாக நிறம் மாறி, தலைமுடி மாதிரி மெல்லிய விரிசல்கள் சுற்றிலும் ஓடியிருந்தன. பிரேக் லைனிங்கை விரலால் தேய்த்தால் கண்ணாடி போல வழுக்கிற்று. ஓரத்தை ஸ்குரூடிரைவரால் நெம்பினால் பொரிந்து கொட்டியது. டிரைவரிடம் கேட்டேன், "நியூட்ரல்ல உருட்டுனீங்களா?" அவர் பதில் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

தருமபுரியிலிருந்து வரும்போது பாளையம் டோல்கேட்டைத் தாண்டியதும் தொப்பூர்க் கணவாய் தொடங்கும். அங்கே டீசல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலுக்குத் தட்டிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2024 ஜனவரியில் அங்கே இரட்டைப் பாலத்தில் லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதி, ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்த சிசிடிவி காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. நியூட்ரலில் டீசல் மிச்சமாகும் என்பது இப்போதைய வண்டிகளில் உண்மையே இல்லை. எலக்ட்ரானிக் பம்பு வைத்த இன்ஜினில் கியரிலேயே இருந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினுக்குப் போகிற டீசல் முழுக்க நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் ஐடிலுக்கு டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிக்க நினைத்து உயிரையும் கொடுத்து டீசலையும் கொடுக்கிறார்கள். இதை உங்கள் டிரைவர்களுக்கு உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

வண்டி பார்க்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் மட்டும்தானா, இன்ஜின் பிரேக்கும் சேர்ந்து வருகிறதா, லைனிங் தேயாமல் வேகத்தைக் குறைக்கும் ரிடார்டர் கூடுதலாகப் போட்டுக்கொள்ள வழி உண்டா என்று கேளுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் என்பது புகைக் குழாயை அடைத்து இன்ஜினைத் திணற வைப்பது. இன்ஜின் பிரேக் வால்வைத் திறந்து, அழுத்திய காற்றை வெளியேற்றி, இன்னும் பலமாகப் பிடிக்கும். இரண்டும் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போதுதான் நன்றாகப் பிடிக்கும். எனவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அந்தக் கியர், இல்லையென்றால் அதற்கும் ஒன்று கீழே. நடு இறக்கத்தில் கியர் மாற்றப் போய், கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டவர்கள் பலர். டெமோ வண்டி கேட்டு வாங்குங்கள். காலி வண்டியில் ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லோடு ஏற்றி, இறக்கத்தில், பிரேக் பெடலைத் தொடாமல், வேகம் கூடாமல் மணிக்கு 30 கிலோமீட்டரிலேயே நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காத வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

முன்வண்டியை மட்டும் புதிதாக எடுத்து, பின்னால் பழைய டிரெய்லரைக் கோர்க்கிறவர்கள் நிறைய. அந்த டிரெய்லரில், லைனிங் தேயத் தேய பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை யாராவது தொட்டுப் பார்த்திருப்பார்களா? டிரெய்லர் பிரேக் பிடிக்காவிட்டால் மொத்த பாரமும் முன்வண்டியைத் தள்ளும். முன்வண்டியின் லைனிங் தேய்ந்துகொண்டே போகும், உங்களுக்குக் காரணமும் புரியாது. தானாகவே அட்ஜஸ்ட் ஆகிற ஸ்லாக் அட்ஜஸ்டர் உள்ள டிரெய்லராக எடுங்கள். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) ஒயர் முன்வண்டியோடு இணைந்து, டேஷ்போர்டில் டிரெய்லர் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். ஒயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துக்கொண்டு ஓடும் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

காயிலை எங்கே வைப்பது என்பதும் வண்டி வாங்குவதற்கு முன்பே முடிவாக வேண்டிய விஷயம். டிரெய்லரை முன்வண்டியோடு கோர்க்கும் கிங் பின்னுக்கும் டிரெய்லர் அச்சுகளின் நடுவுக்கும் இடையே 7.5 மீட்டர் என்று வைப்போம். 25 டன் காயிலை அச்சுகளின் நடுவிலிருந்து 2.4 மீட்டர் முன்னால் வைத்தால், கிங் பின் மேல் 8 டன், டிரெய்லர் அச்சுகள் மேல் 17 டன். இது நல்ல பங்கீடு. இறக்குவதற்குச் சௌகரியம் என்று அச்சுக்கு நேர் மேலே வைத்தால், 25 டன்னும் டிரெய்லர் அச்சுக்குப் போய்விடும். டிரெய்லரின் சொந்தப் பாரத்தில் 5 டன்னாவது அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஆக 30 டன். 27 தாண்டிவிட்டது. மொத்த எடை எடைமேடையில் சரியாகக் காட்டும், அச்சு மட்டும் செத்துக்கொண்டிருக்கும். முன்வண்டியில் பாரம் இல்லாததால் ஏற்றத்தில் சக்கரம் சுழலும், மழையில் வழுக்கும். இரண்டு காயில் ஏற்றும் 22 சக்கரத்தில், இரண்டின் பாரமும் சேர்கிற நடுப்புள்ளி அச்சுகளின் நடுவிலிருந்து 3.2 மீட்டர் முன்னால் வருகிற மாதிரி வையுங்கள். காயில் உட்காரக் கட்டையோ இரும்புத் தொட்டிலோ வேண்டும், செயின் வேண்டும், செயினை இறுக்கும் பைண்டர் வேண்டும். கயிறும் தார்ப்பாயும் காயிலை நிறுத்தாது. கடுமையாகப் பிரேக் பிடித்தால் காயில் தன் எடையில் பாதிக்கு மேல் விசையோடு முன்னால் வரும். முன்னால் இருப்பது கேபின், அதற்குள் உங்கள் டிரைவர்.

கேள்வி: நாங்கள் தூத்துக்குடியில் துறைமுகத்திலிருந்து கரூருக்கும் திருப்பூருக்கும் கண்டெய்னர் ஓட்டுகிறோம். கணவருக்கு உடம்பு சரியில்லாததால் இப்போது கணக்கையும் வண்டியையும் நான்தான் பார்க்கிறேன். பழைய புகை விதிப்படி செய்த ஒரு பி.எஸ்.4 டிரெய்லர் செகண்ட் ஹேண்டில் விலைக்கு வருகிறது. அதை வாங்கவா, புது பி.எஸ்.6 எடுக்கவா? 22 சக்கரம் தேவையா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: 22 சக்கரம் தேவையில்லை அம்மா. 40 அடி கண்டெய்னர் சரக்கோடு சேர்த்து அதிகபட்சம் 30.48 டன். பஞ்சு, துணி, பனியன் ஏற்றினால் பெட்டி நிறைந்துவிடும், எடை அந்த அளவுக்கு வராது. 18 சக்கரம் தாராளம். நாலு டயர் குறைவு, டீசலும் குறைவு. ஆனால் கனமான 20 அடிப் பெட்டி ஏற்றும்போது கவனம். கதவு திறக்க வசதி என்று பெட்டியைப் பின்கோடியில் வைக்கச் சொல்வார்கள். மேலே காயிலுக்குச் சொன்ன அதே தொல்லைதான். நடுவில் வைக்கச் சொல்லி, நாலு மூலையிலும் பெட்டியைப் பூட்டும் டுவிஸ்ட் லாக் திரும்பி இருக்கிறதா என்று டிரைவர் கையால் தொட்டுப் பார்த்த பிறகு கேட்டைத் தாண்டட்டும்.

செகண்ட் ஹேண்ட் வண்டியில் எல்லாரும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்கிறார்கள். நீங்கள் டிரெய்லரைக் கழற்றி விடச் சொல்லுங்கள். கீழே குனிந்து கிங் பின்னின் கிரீஸைத் துடைத்து, வெர்னியர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இரண்டு அங்குல பின் புதிதாக இருக்கும்போது 50.8 மில்லிமீட்டர். 49-க்குக் கீழே போயிருந்தால் அந்தப் பின் மாற்ற வேண்டியது, பேரம் பேசி ஓட்ட வேண்டியது இல்லை. பின்னைச் சுற்றியுள்ள தகட்டில் ஓர் இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் தகடு வளைந்திருக்கிறது. முன்வண்டியில் கிங் பின்னைக் கவ்விப் பிடிக்கும் டர்ன் டேபிளின் தாடையைத் திறந்து மூடச் சொல்லுங்கள். சேசிஸ் நெடுகப் புது பெயின்ட் அடித்திருந்தால், எந்த இடத்தில் அதிகமாக அடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கேதான் வெல்டிங் இருக்கும்.

பி.எஸ்.6 பற்றிப் பயப்பட வேண்டாம். 2020 ஏப்ரலிலிருந்து புது வண்டி எல்லாம் அதுதான். டி.இ.எஃப். என்கிற யூரியா கரைசல் 100 லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 4 முதல் 6 லிட்டர் போகும். அதில் சிக்கனம் பார்த்து ரோட்டோரம் கேனில் விற்கிறதை ஊற்றினால் புகை சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட் கெட்டுவிடும், இன்ஜின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். அதை மாற்றுகிற செலவில் பல வருஷத்துக்கு நல்ல டி.இ.எஃப். வாங்கலாம். சீல் உடையாத கேனாக, பெயர் தெரிந்த பங்கில் வாங்குங்கள். உங்களுக்குக் கையில் ஒரு நல்ல மெக்கானிக் இருந்தால் பி.எஸ்.4 வாங்கலாம். இல்லையென்றால் புதியதே நல்லது. வீட்டிலும் ஆளைக் கவனித்துக்கொண்டு பட்டறைக்கும் அலைவது கஷ்டம். முதல் சில வருஷமாவது வாரண்டியும் சர்வீஸ் ஒப்பந்தமும் உங்களுக்குத் துணையாக இருக்கும்.

கேள்வி: கிருஷ்ணகிரிப் பக்கம் குவாரியிலிருந்து கிரானைட் பிளாக் ஏற்ற 4×2 போதுமா, 6×4 வேண்டுமா?
– வாசகர், பர்கூர்

பதில்: 6×4. 4×2 என்றால் முன்வண்டியில் ஓர் அச்சு மட்டும் இழுக்கும், 6×4 என்றால் இரண்டு அச்சு இழுக்கும். மூன்று மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் உள்ள ஒரு கல் சுமார் 26 டன் வரும். எடைக்கு 18 சக்கரமே தாங்கும். பிரச்சினை குவாரிக்குள்ளிருந்து தார் ரோட்டுக்கு ஏறி வருகிற அந்தக் கொஞ்ச தூரம்தான். 45.5 டன் 4×2 வண்டியில் இழுக்கிற சக்கரத்தின் மேல் இருப்பது 11.5 டன், மொத்தத்தில் கால்வாசி. 55 டன் 6×4-இல் 21 டன், ஐந்தில் இரண்டு பங்குக்குப் பக்கம். ஈரமான கல்தூளில் அந்த வித்தியாசம்தான் வண்டியை மேலே கொண்டுவரும். இழுவை அச்சு ஹவுசிங்கின் பல் விகிதமும் பெரியதாக, அதாவது மெதுவாகப் போய் நன்றாக இழுக்கிற விகிதமாகக் கேளுங்கள். ஹைவேயில் மைலேஜ் கொஞ்சம் குறையும். பரவாயில்லை. குவாரிப் பாதையில் பின்னோக்கி உருள ஆரம்பித்த டிரெய்லரை யாராலும் பிடிக்க முடியாது.

கேள்வி: அண்ணா, நான் டிரெய்லர் டிரைவர். காலி டிரெய்லரோடு மழையில் போகும்போது, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டதும் டிரெய்லர் ஒரு பக்கமாக மடங்கப் பார்த்தது. எக்ஸாஸ்ட் பிரேக்தான் பாதுகாப்பு என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: நல்ல கேள்வி தம்பி, உன்னை மாதிரி கவனிக்கிற டிரைவர்கள் குறைவு. எக்ஸாஸ்ட் பிரேக், இன்ஜின் பிரேக் இரண்டும் பிடிப்பது முன்வண்டியின் இழுவைச் சக்கரத்தை மட்டும்தான். டிரெய்லர் சக்கரங்கள் அந்த நேரத்தில் சும்மா உருண்டு வரும். லோடு இருந்தால் இழுவைச் சக்கரம் ரோட்டை அழுத்திப் பிடித்திருக்கும். காலியாக, ஈர ரோட்டில், அந்தச் சக்கரம் எளிதில் வழுக்கும். வழுக்கியதும் பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளும், வண்டி கத்தி மடங்குகிற மாதிரி மடங்கும். ஆகவே காலி டிரெய்லர், மழை, இரண்டும் சேர்ந்தால் எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்சை அணைத்துவிட்டு, வேகத்தை முன்னாலேயே குறைத்து, கால் பிரேக்கை மெதுவாக உபயோகி. கால் பிரேக் எல்லாச் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும், ஏ.பி.எஸ். வேலை செய்யும். லோடோடு காய்ந்த ரோட்டில் இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக்தான் உன் தோழன். அதில் மாற்றமில்லை.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 2025 ஜனவரி 3-ஆம் தேதி அதிகாலை, கொச்சியிலிருந்து கோவைக்கு வந்த கேஸ் டேங்கர் ஒன்று அவிநாசி ரோடு மேம்பாலத்தில் திரும்பும்போது முன்வண்டியிலிருந்து பிரிந்து கவிழ்ந்தது. உள்ளே 18 டன் எரிவாயு. கசிவு ஏற்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். முன்வண்டியையும் டேங்கரையும் இணைக்கிற இடம் விட்டுப்போனது. நம் எல்லார் வண்டியிலும் அந்த இடம் இருக்கிறது. அதனால் கோர்க்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்டதோடு விட்டுவிடாதே. இறங்கு, டார்ச் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக உள்ளே பார். தாடை கிங் பின்னின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். டிரெய்லர் தகடு டர்ன் டேபிள் மேல் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்தால் கிங் பின், தாடைக்கு மேலே நிற்கிறது என்று அர்த்தம். லாக் கைப்பிடி முழுக்க உள்ளே போயிருக்கிறதா பார். பிறகு டிரெய்லர் பிரேக்கைப் போட்டுவிட்டு, சின்னக் கியரில் முன்னே இழுத்துப் பார். அசையக் கூடாது. சிவப்பு, மஞ்சள் காற்றுக் குழாய்களையும் ஏ.பி.எஸ். ஒயரையும் மாட்டு. கடைசியாக ஸ்டாண்டைத் தூக்கு. இந்த வரிசையை எந்த முதலாளி அவசரப்படுத்தினாலும் மாற்றாதே.

ஓட்டும்போது வண்டி எடுக்கையிலும் நிறுத்தும்போதும் முதுகுக்குப் பின்னால் 'டொக் டொக்' என்று இடித்தால், தாடை தேய்ந்துவிட்டது. அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டுபோ.

கேள்வி: புது வண்டியில் ஏசி கேபினுக்குத் தனியாகக் காசு வாங்குகிறார்கள். டீசலும் தின்னும் என்கிறார்கள். டிரைவர் ஏசி போட்டுத் தூங்கிவிட மாட்டாரா?
– வாசகர், நாமக்கல்

பதில்: 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கிற நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். ஆகவே தேர்வு செய்ய ஒன்றுமில்லை. கட்டாயம் இல்லாதிருந்தாலும் நான் வாங்கத்தான் சொல்லியிருப்பேன். கேபினுக்கு நேர் கீழே இன்ஜின் இருக்கிறது. சித்திரை மாதம் மத்தியானம் நாமக்கல்லிலிருந்து நாக்பூர் வரை அந்தச் சூட்டில் ஒரு மனிதன் உட்கார்ந்து போகிறான். சட்டையைக் கழற்றிப் பிழிந்து மாட்டிக்கொண்டு ஓட்டியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வேர்வை வற்றி, தலை சுற்றி, கண் இருட்டும். சூடு தாங்காமல் பகலில் படுத்து ராத்திரி முழுக்க ஓட்டுகிறார்கள், விடியற்காலையில்தான் கண் அசருகிறது. 55 டன் பாரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு அவருடைய கேபினில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். தூக்கம் வந்தால் நிறுத்தித் தூங்கு என்று சொல்லிவையுங்கள். லேட்டானால் பார்ட்டியிடம் நீங்கள் பேசுங்கள்.

கேள்வி: முன்வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. டிரெய்லருக்கும் தனியாக வேண்டுமா? ஏஜென்ட் தேவையில்லை என்கிறார்.
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: வேண்டும். முன்வண்டிக்கு ஒரு ஆர்.சி., டிரெய்லருக்கு ஒரு ஆர்.சி. நம்பரும் தனித்தனி, எஃப்.சி.யும் தனித்தனி. பாலிசியில் டிரெய்லரின் நம்பரும் சேஸிஸ் எண்ணும் ஏறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் படித்துப் பாருங்கள். ஏறவில்லை என்றால், டிரெய்லர் தட்டி ஒருவருக்கு அடிபடும்போது கம்பெனி அதைத்தான் முதலில் கையில் எடுக்கும். நீங்கள் வேறு வேறு டிரெய்லரை மாற்றி மாற்றிக் கோர்ப்பவராக இருந்தால், ஒவ்வொன்றையும் பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். ஏஜென்ட் தேவையில்லை என்று சொன்னதை அவர் கைப்பட எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். கொடுக்க மாட்டார்.